விரத காலத்துப் பூஜ்யங்கள்

கடந்த முப்பது நாட்களில் எத்தனை நாள் மது அருந்தினீர்கள்?

இந்தக் கேள்வியைத் தமிழில் எழுதியவன் நான்தான். ஆங்கிலத்தில் இருந்ததைப் பிரித்து, காய்ச்சி, வடித்து, ஜாலான் புசார் தெருவில் இரும்புச் சாமான் கடைக்கு மேலே இருந்த ஓர் அறையில் உட்கார்ந்து எழுதினேன். உட்கார்ந்து என்று சொல்வது பொய். எனக்கு உட்கார வராது. ஒரு வரி எழுதுவேன், எழுந்து சன்னலுக்குப் போவேன். கீழே ஒருவர் குழாய்களை நீளவாட்டில் அடுக்கிக்கொண்டிருப்பார். திரும்பி வந்து அந்த வரியை அடிப்பேன். 'அருந்தினீர்கள்' என்று போட்டால் நம் ஆட்கள் சிரிப்பார்களே, 'குடித்தீர்கள்' என்று போட்டால் அடிக்க வருவார்களே என்று ஒரு முழுக் காலையை நடந்தே தீர்த்தேன்.

கவிதை எழுதுகிறவனுக்கு இந்த ஊரில் மொழிபெயர்ப்பு சோறு போடும். குடியிலிருந்து மீள முயலும் தமிழ் ஆண்களைப் பற்றிய ஆய்வு அது. ஏன் தொடங்குகிறார்கள், எது நிறுத்துகிறது, எது திரும்பக் கூட்டிக்கொண்டு போகிறது. மூன்று மாதம் ஆலோசனை. தினமும் ஆசையைத் தணிக்கும் ஒரு மாத்திரை. மூன்றாம் மாத முடிவில் ஒரு நேர்காணல். அதில் முப்பது நாளும் பூஜ்யம் என்று வந்தால் ஒரு நிறைவுத் தாள் கையில் கொடுத்து, மருந்தையும் சந்திப்புகளையும் முடித்துக்கொள்வார்கள். நான் எழுதிய கேள்விகளை நானே கேட்டுக் குறித்துக்கொள்ளவும் வேண்டும் என்றார் டாக்டர்.

டாக்டர் யாழ்ப்பாணத்து வழி வந்த பெண்மணி. மூன்று தலைமுறையாக இங்கே. வீட்டில் ஆங்கிலம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். தமிழைப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் ஒவ்வொரு சொல்லையும் தட்டிப் பார்த்து வைப்பார். நான் நடந்துகொண்டே பேசுவதைப் பார்த்து, "சார், ப்ளீஸ், ஒரு அஞ்சு நிமிஷம் சிட் பண்ணுங்களேன், எனக்குத் தலை சுத்துது," என்பார்.

வந்தவர்கள் பலவிதம். ஒருவர் நாற்காலியில் சாய்ந்து என்னையே விசாரித்தார்.

"அண்ணே, நீங்க குடிப்பீங்களா?"

"இல்ல."

"அப்ப உங்களுக்கு என்ன தெரியும்னு என்னைக் கேக்குறீங்க? சைக்கிள் ஓட்டத் தெரியாதவன் சைக்கிள் கடை வச்ச மாதிரி இருக்கு லா."

இன்னொருவர் 'முதன்முதலில் குடித்தபோது எப்படி உணர்ந்தீர்கள்' என்ற கேள்விக்கு, "காதுல ஒரு சத்தம் எப்பவும் இருக்கும். அன்னைக்கு நின்னுச்சு," என்றார். அதைக் குறித்துக்கொள்ளப் படிவத்தில் கட்டம் இல்லை. நான் ஓரத்தில் எழுதினேன். அன்று சிராங்கூன் சாலையை இரண்டு முறை மேலும் கீழும் நடந்தேன். காய்கறிக் கடைகள், பூக்கடைகள், பணம் அனுப்பும் கடைகள், சனி ஞாயிறு பொது இடத்தில் குடிக்கக் கூடாது என்ற பலகை. எனக்கும் காதில் ஒரு சத்தம் உண்டு. எனக்கு அது நடந்தால் கொஞ்சம் குறையும்.

இந்த ஆய்வில் என் தம்பியும் இருந்தான்.

மின்தூக்கி பழுதுபார்ப்பவன். என்னைவிட நான்கு வயது சின்னவன். சுவா சூ காங்கில் வீடு, மனைவி. வேலைக்கு ஒரு நாளும் குடித்துவிட்டுப் போனதில்லை. வேலை முடிந்ததும் தொடங்குவான். பேசிக்கொண்டிருந்தவன் பேச்சை நிறுத்துவான். அதன் பிறகு நான்கு மணி நேரம் அந்த வீட்டில் ஒரு நாற்காலி மட்டும் இருக்கும், ஆள் இருக்காது. அப்படித்தான் அவன் மனைவி என்னிடம் சொன்னாள். "அடிக்கல, திட்டல அத்தான். ஆளே இல்ல. ஆளில்லாத ஆளுக்கு நான் எதுக்குச் சமைக்கணும்?" ஒரு பையில் அவனுடைய சட்டைகளை மடித்து வைத்து என் வீட்டுக்கு அனுப்பினாள். எட்டு மாதமாக என் கூடத்தில் படுத்திருந்தான்.

அவள் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். "உங்க தம்பி சொல்ற கணக்கு எனக்கு வேண்டாம். அந்த டாக்டர் கொடுக்குற தாள எடுத்துட்டு வரட்டும். அப்புறம் வீட்டுக்கு வரலாம்."

ஆக, அவனுக்கு வீடு என்பது ஒரு தாள். அந்தத் தாளுக்கு முன்னால் என் கேள்வி. சொந்தக்காரரை நான் கேட்கக் கூடாது என்பது விதி. அவனுக்கு வேறொரு பெண் நேர்காணல் எடுத்தாள்.

இனி என் தவறு.

மூன்றாம் மாத நேர்காணலை நவம்பரில் வைக்கத்தான் டாக்டர் முதலில் நினைத்தார். தீபாவளி நேரம். யாரும் போனை எடுக்கவில்லை. எடுத்தவர்கள் 'அப்புறம் வரேன் சார்' என்றார்கள். டாக்டர் கவலைப்பட்டபோது நான்தான் பெரிய புத்திசாலியாக யோசனை சொன்னேன். ஜனவரி நடுவில் தொடங்குங்கள். தைப்பூசத்துக்கு மாலை போட்டிருப்பார்கள். சாயங்காலமானால் கோவிலுக்கு வந்துவிடுவார்கள். மாலை போட்டவன் போனை எடுப்பான், சொன்ன நேரத்துக்கு வருவான், மரியாதையாகப் பேசுவான். எல்லாரும் கையில் கிடைப்பார்கள்.

டாக்டருக்கு மகிழ்ச்சி. எனக்கும். எங்கள் ஆட்களுக்கு விரத காலம் நல்ல காலம். நல்ல காலத்தில் எதையும் செய்யலாம், கல்யாணம் பேசலாம், வீடு பார்க்கலாம், ஆளை அளக்கவும் செய்யலாம் என்று என் புத்திக்குப் பட்டிருக்கிறது. நாற்பத்தெட்டு நாள் இறைச்சி இல்லை, மது இல்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். மழை நனைக்கும் என்பது தெரிவதுபோலத் தெரியும். தெரிந்துகொண்டே குடை இல்லாமல் போவதில்லையா, அப்படி.

ஜனவரி மழையில் ஈரக்குடையோடு வந்தார்கள். கழுத்தில் மாலை, நெற்றியில் திருநீறு, காலில் செருப்பில்லை.

எத்தனை நாள்? பூஜ்யம். எத்தனை நாள்? பூஜ்யம். எத்தனை நாள்? "ஸீரோ லா அண்ணே, என்னைப் பார்த்தா தெரியல?"

வரிசையாகப் பூஜ்யங்கள். படிவத்தின் அந்தக் கட்டம் கோழி முட்டை வைத்த தட்டுபோல இருந்தது. டாக்டர் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "சார், இது வேலை செய்யுது. ஐ கான்ட் பிலீவ் இட். மாத்திரை, ஆலோசனை, ரெண்டும் சேர்ந்து வேலை செய்யுது." நான் சிரித்தேன். அன்றைக்கு உண்மையிலேயே சந்தோஷப்பட்டேன்.

சைக்கிள் கடை என்று என்னைக் கிண்டல் செய்தவர் மறுபடி வந்தபோதுதான் என் தலையில் இடி விழுந்தது. அவரும் மாலை போட்டிருந்தார். பூஜ்யம் என்றார். அடுத்த கேள்வி: குடியை நிறுத்த முயன்று முடியாமல் போனதுண்டா?

"என்ன அண்ணே கேள்வி இது? வருஷா வருஷம் நிறுத்துறேனே. ஒரு சொட்டு தொட மாட்டேன். நான் என்ன குடிகாரனா? குடிகாரனால இப்படி நிறுத்த முடியுமா?"

"அப்ப இந்த மாசம் மாத்திரை எப்படி இருந்துச்சு?"

"மாத்திரையா? மாலை போட்ட அன்னைக்கே நிப்பாட்டிட்டேன். சாமி பாத்துக்கும்போது அது எதுக்கு?" கதவருகே போய்த் திரும்பிப் பார்த்தார். "பூசம் முடிஞ்சு ஒரு வாரம் கழிச்சு இந்தக் கேள்வியைக் கேளுங்கண்ணே. அப்ப பதில் வேற."

சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். படிக்கட்டில் வெறுங்கால் சத்தம் கேட்கவே இல்லை.

நான் அறையில் சுற்றிச் சுற்றி நடந்தேன். எழுதிய பூஜ்யங்களை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். எல்லாரும் உண்மைதான் சொல்லியிருந்தார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. கேட்ட நாள்தான் பொய்.

அன்று வீட்டுக்குப் போனதும் தம்பியின் அலமாரியைத் திறந்தேன். செய்யக் கூடாதுதான். மாத்திரை அட்டை பிரிக்காமல் இருந்தது. குளித்துவிட்டு ஈரத்தலையும் கழுத்தில் மாலையுமாக வந்தவன் என் கையில் இருந்ததைப் பார்த்தான்.

"என்னண்ணே, போலீஸ் வேலையா?"

"ஏன்டா சாப்பிடல?"

"குடிக்கலையே. குடிக்காதவனுக்கு எதுக்கு மருந்து?"

"மாலையைக் கழட்டின பிறகு?"

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தான். முடி காய்ந்த பிறகும் துவட்டினான்.

"நேத்து எங்கிட்ட கேட்டாங்க. முப்பது நாளும் ஸீரோ. வெள்ளிக்கிழமை தாள் தரேன்னாங்க," என்றான். "அவகிட்டச் சொல்லிட்டேன். படுக்கை விரிப்பெல்லாம் மாத்தி வைக்கிறேன்னு சொன்னா."

"டாக்டருக்கு விரதக் கணக்கு தெரியாதுடா. நான் சொல்லணும்."

"சொல்லுங்க. பூசம் முடிஞ்சதும் சொல்லுங்க." என் முன்னால் வந்து நின்றான். "பதினோரு வருஷமா பால்குடம், காவடின்னு எடுக்குறேன். ஒரு வருஷமாவது நடுவுல தப்பினேனா? வெள்ளிக்கிழமை வரைக்கும் மூணு நாள் வாய மூடிட்டு இருங்கண்ணே. உங்களுக்கு என்ன குறைஞ்சிடும்? நான் வீட்டுக்குப் போயிடுவேன். வீட்டுல இருந்தா குடிக்க மாட்டேன்."

"வீட்டுல இருந்துதானே குடிச்ச?"

அவன் முகம் சுருங்கியதைப் பார்த்திருக்க வேண்டாம். அவன் கூடத்துக்குப் போய்ப் பாயை விரித்துச் சுவரைப் பார்த்துப் படுத்தான். ஏழரை மணிகூட ஆகவில்லை.

எனக்கு அப்போது வேறொன்று நினைவுக்கு வந்து உட்கார விடாமல் துரத்தியது. மாலை போட்ட முதல் வாரத்தில் அவன் கை நடுங்கும். ஒவ்வொரு வருடமும். வியர்க்கும், தூங்க மாட்டான், சாமி படத்தின் முன் விபூதித் தட்டைப் பிடித்தால் தட்டு கிலுகிலுக்கும். நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வோம். அருள் என்போம். நான் மொழிபெயர்த்த படிவத்தின் நான்காம் பக்கத்தில் அதே நடுக்கம், அதே வியர்வை, அதே தூக்கமின்மை ஒரு பட்டியலாக இருந்தது. குடியைத் திடீரென நிறுத்தியவர் உடல் படும் பாடு என்று நானே தமிழில் எழுதியிருந்தேன். எழுதும்போது என் தம்பியின் கை நினைவுக்கு வரவில்லை. பதினோரு வருடமாக அதைக் கும்பிட்டிருக்கிறேன்.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன், அன்று அவர் உட்காரச் சொல்லவில்லை.

"நாற்பத்தெட்டு நாளா?" என்றார். "ஐ நோ தைப்பூசம். லீவு எடுப்பாங்க, காவடி எடுப்பாங்க. அதுக்கு முன்னாடி இவ்வளவு நாள் ஒரு துளி கூட… எல்லாருமா?"

"மாலை போட்டவங்க எல்லாரும்."

"அண்ட் யூ நியூ திஸ்."

"தெரியும். தேதி சொன்னதும் நான்தான்."

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் தாள்களை ஒழுங்காக அடுக்கினார். "மாத்திரையை நிறுத்திட்டாங்களா?"

"சில பேர். தெரிஞ்சு சொல்றேன்." யார் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"குடியைத் திடீர்னு நிறுத்தினா சிலருக்கு வலிப்பு வரும், சார். உயிருக்கே ஆபத்து. முதல் வாரத்துலயே எனக்குத் தெரிஞ்சிருக்கணும்." பிறகு அவருக்குள் இருந்த ஆராய்ச்சிக்காரி விழித்துக்கொண்டாள். "ஆனா எது அவங்கள நாற்பத்தெட்டு நாள் பிடிச்சு வச்சிருக்கு? என் மாத்திரையால முடியாதது அது. வீட்டுல எல்லாரும் சேர்ந்து சமையலை மாத்துறாங்க, சேர்ந்து எழுந்திருக்கிறாங்க, தெருவுல பாக்குறவங்க மாலையைப் பாத்து ஒதுங்கி வழி விடுறாங்க. நாற்பத்தொன்பதாவது நாள் அதெல்லாம் எங்க போகுது?"

ஒரே நாளில் ஒரு மனிதனைச் சுற்றி நின்ற அத்தனை கைகளும் வேலை முடிந்ததென்று இறங்கிவிடுகின்றன.

டாக்டர் முடிவு செய்தார். நிறைவுத் தாள் எவருக்கும் இப்போது கிடையாது. பூசம் முடிந்து ஒரு மாதம் கழித்து எல்லாரையும் மறுபடி கேட்க வேண்டும். அதற்கு முன் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மாத்திரையை மீண்டும் தொடங்கச் சொல்ல வேண்டும். விரதத்தைக் குறைத்து ஒரு சொல் வரக் கூடாது, அந்தப் பேச்சை நான்தான் தமிழில் எழுத வேண்டும் என்றார்.

வெள்ளிக்கிழமை தம்பி தாளில்லாமல் வந்தான். அவளிடம் போனில், "இன்னும் ஒரு மாசமாகும்," என்றான். ஏன் என்று கேட்டிருப்பாள். "எங்க அண்ணனைக் கேளு," என்று வைத்தான். அவள் என்னைக் கேட்டாள், நான் சொன்னேன். "விரிப்பை எடுத்து மடிச்சு வச்சிடுறேன்," என்றாள். அவ்வளவுதான்.

பூசத்தன்று அவன் காவடியோடு நடந்தான். நாக்கில் அலகு. பேச முடியாதவன் பக்கத்தில் பேசாதவனாக நடந்தேன். சிராங்கூன் சாலையிலிருந்து அத்தனை தூரம். வெயிலில் தார் சுட்டது. அவன் பாதம் எங்கே விழுகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் கூட்டம் நின்றபோது அவன் உடம்பு ஆடியது, என் தோளைப் பிடித்துக்கொண்டான். பிடியில் கோபம் இருந்தது. விடவில்லை.

மூன்றாம் நாள் இடும்பன் பூஜை முடிந்து மாலையைக் கழற்றினான். எங்கள் சொந்தத்தில் அது ஒரு கொண்டாட்டம்: மதியம் ஆட்டுக்கறி, பிறகு ஐஸ் பெட்டி. "வாடா, இத்தன நாள் பட்டினி கிடந்த வாய்," என்று ஒரு மச்சான் பீர் டின்னை நீட்டினான். தம்பி வாங்கவில்லை. "மாத்திரை போடுறேன் மச்சான்," என்றான். "அடப்பாவி, சுகர் வந்துடுச்சா?" என்று எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். நான் அன்று பைத்தியக்காரன்போல நம்பினேன்.

அடுத்த வாரமே குடித்தான். வந்து படுத்த மூச்சிலேயே தெரிந்தது. நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை என்று எழுதி வைத்திருந்தார்கள், நானும் அதன் பின்னால் ஒளிந்துகொண்டேன். சில நாள் குடித்தான், பல நாள் குடிக்கவில்லை, மாத்திரை அட்டை ஒழுங்கில்லாமல் குறைந்தது.

மறுநேர்காணல் நாளன்று நான் அறைக்கு வெளியே படிக்கட்டில் மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன். அவன் வெளியே வந்தான்.

"ஆறு," என்றான்.

நான் நின்றேன்.

"முதல்ல ரெண்டுன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு எழுதப் போச்சு. இல்லம்மா, இருன்னேன். காலண்டரை வச்சு ஒவ்வொரு நாளா எண்ணினோம். ஆறு. தாள் கிடையாது. இன்னும் மூணு மாசம் வரணுமாம்."

"அவகிட்ட நான் சொல்லட்டுமா?"

"நீங்க சொன்னதெல்லாம் போதும்ணே. நான் சொல்றேன். கூட மட்டும் வாங்க."

சுவா சூ காங் வரை நின்றுகொண்டே போனோம். இடம் இருந்தும் இருவரும் உட்காரவில்லை. அவள் கதவைத் திறந்தாள், கையைப் பார்த்தாள், தாள் இல்லை என்று தெரிந்துகொண்டாள். ஆனாலும் உள்ளே வரச் சொன்னாள்.

"முப்பது நாள்ல ஆறு நாள் குடிச்சேன்," என்றான் சோபாவின் ஓரத்தில் அமர்ந்து. "அங்க அப்படித்தான் சொன்னேன்."

அவள் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "எந்த ஆறு?"

அவன் சொன்னான். ஒவ்வொரு நாளும், எங்கே, யாரோடு, எவ்வளவு. நான் சன்னலருகே நின்று கீழே விளையாட்டுத் திடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவதாக ஒரு வியாழக்கிழமை வந்தது.

"வியாழனா?" என்றாள். "அன்னைக்கு எனக்குப் போன் பண்ணீங்களே. தண்ணி டாங்கியைப் பத்திக் கேட்டீங்க. நல்லாத்தானே பேசினீங்க?"

"அப்ப குடிக்கல."

"பின்ன?"

"போன வச்ச பிறகு."

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் இருந்தான், நாற்காலிபோல இல்லை, ஆளாக, வெட்கத்தோடு, அங்கேயே இருந்தான்.

"வீட்டுக்கு இப்ப வர வேணாம்," என்றாள். "மூணு மாசம் முடியட்டும்."

"சரி."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள், சாப்பிட்டோம். செருப்பைப் போடும்போது கதவருகே வந்து நின்றாள்.

"அன்னைக்கு எதுக்குப் போன் பண்ணீங்க? தண்ணி டாங்கிக்கா?"

அவன் தலையை ஆட்டினான். இல்லை என்று.

"அப்ப அடுத்த தடவை போன வைக்காதீங்க," என்றாள். "நான் வேலையா இருந்தாலும் சரி, கோபமா இருந்தாலும் சரி. நீங்களா வைக்காதீங்க."

மின்தூக்கியில் இறங்கும்போது அவன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, அதில் எவ்வளவு சார்ஜ் மிச்சமிருக்கிறது என்று பார்த்தான்.